கிணற்றடி மாமியின் முறை

“…நின்னுக்கிட்டேயேதான் இருக்காங்க, பாருங்க. எத்தன வீடு போயிட்டு வந்திருப்பாங்க, ஒருத்தராவது அவங்கள ஒக்காரச் சொன்னீங்களா?”

இதைச் சொன்னவர், ஊரில் நாங்கள் கிணற்றடி மாமி என்று கூப்பிட்ட பெண். சொன்னது என் அம்மாவைப் பார்த்து. ‘அவங்க’ என்றது மாதாவை. பக்கத்து வீட்டு மனுஷியைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் அம்மாவின் கையில் இருந்தது ஒன்றரை முழ உயரத்தில் ஒரு சுரூபம். நீலப் போர்வை, கூப்பிய கை, ஒரு பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்த முக்காடு.

மருந்துக் குளிசைப் பெட்டியும் மூக்குக்கண்ணாடியும் இல்லாமல் பயணம் போகமுடியாத வயதுக்கு நாங்கள் எல்லோரும் வந்துகொண்டிருக்கிறோம். இந்த வயதில் கோயிலில் கண்ணை மூடினால் எனக்குச் செபம் வருவதில்லை, ஆட்கள்தான் வருகிறார்கள். உங்களுக்கும் அப்படித்தானோ தெரியாது. எனக்கு அடிக்கடி வருகிறவர் இந்த மாமி. வந்து, வேலிக்கு அந்தப் பக்கமாகவே நிற்பார்.

எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டம். வாய்க்கால் கரையோரம் ஒரே வரிசையில் வீடுகள். அந்த வரிசையில் வேதக்காரர் நாங்கள்தான் எண்ணிக்கையில் கூட. ஒக்டோபர் பிறந்தால் செபமாலை மாதம். கோயிலில் இருக்கிற மாதா சுரூபத்தைக் கண்ணாடிக் கூட்டில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு பின்னேரம் ஒரு வீட்டுக்கு வருவா. மறுநாள் பின்னேரம் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவா. அதைத்தான் ‘முறை’ என்போம். “எங்கட முறை நாளைக்கு” என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் ஒருவருடனும் சண்டை பிடிக்கக்கூடாது. குசினி மெழுகி, வேலி கட்டி, கடலை ஊறப்போட்டு, பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கி, அம்மாமார் படுகிற பாடு! எங்களுக்கு மாதாவைவிடக் கடலையில்தான் பக்தி. தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை. செபமாலையின் கடைசிப் பத்து மணியில் குசினிப் பக்கமிருந்து அந்த வாசம் வரும்போது எங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ எல்லாம் கால் முளைத்து ஓடும்.

அம்மாவுக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. சீனிப் போத்தலில் கை வைத்தாலோ, தம்பியைக் கிள்ளிவிட்டு ‘நான் இல்லை’ என்றாலோ, சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி, “மாதா பாத்துக்கொண்டு நிக்கிறா” என்பார். அவ்வளவுதான். அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு நாங்கள் பூவரசங்கம்பைவிடப் பயம்.

சுரூபத்தைக் கொண்டுவருகிறவர் மூப்பர். கோயிலைப் பூட்டித் திறக்கிற திறப்பு, சுரூபம், எங்கள் ஞாயிறு ஞானோபதேச வகுப்பு எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர், இருமல்காரர். எதைக் கேட்டாலும், பங்குக் குருவைச் சொல்லி, “சுவாமியிட்டக் கேட்டுச் சொல்லுறன்” என்பார். கோயில் கூரை எப்போது மேய்வது என்று கேட்டாலும் அதுதான். நரகத்தில் மழை பெய்யுமா என்று வகுப்பில் நான் கேட்டபோதும், கொஞ்சம் யோசித்து, இருமி, “கேட்டுச் சொல்லுறன் பிள்ளை” என்றார். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களையும் தாளம் போட்டுச் சொல்லித் தந்தவர் அவர்தான். இன்றைக்கும் அந்த மூன்றும் அவருடைய இருமலோடுதான் என் ஞாபகத்தில் இருக்கின்றன.

வரிசையின் நடுவில் பொதுக்கிணறு. கிணற்றோடு ஒட்டி ஒரு சின்னக் கொட்டில். அதுதான் மாமியின் வீடு. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். அங்கே கலவரத்தில் அடித்துத் துரத்த வன்னிக்கு வந்தவர். சைவம். மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போவார். எங்கள் எல்லா வீட்டுத் தண்ணீரும் அவர் வாசலைத் தாண்டித்தான் வரும். வாளி விழுந்தால் எடுத்துக் கொடுப்பதும், கயிறு அறுந்தால் முடிந்து வைப்பதும் அவர்தான். மாதா மட்டும் அந்த வாசலில் நிற்பதில்லை. ஒவ்வொரு வருடமும் பாட்டுப் பாடிக்கொண்டு அந்தக் கொட்டிலைத் தாண்டிப் போவோம். மாமி வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு சிரட்டையில் விளக்கு வைத்துவிட்டு, முந்தானையால் தோளை மூடிக்கொண்டு நிற்பார். “பாரன், வழிக்கு விளக்கு வச்சிருக்கிறாள், நல்ல மனுசி” என்று சொல்லிக்கொண்டே எங்கள் ஆட்கள் நடப்பார்கள். அந்த விளக்கு வழிக்கு வைத்ததல்ல என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமிக்கு ஒரு மகள் இருந்தாள். என்னுடைய வயதுதான். கலவரத்தில் ஓடிவந்தபோது லொறியில் ஏற ஒரே நெரிசல். முதலில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். மேலே இருந்த யாரோ ஒரு மனுஷி கை நீட்டி வாங்கினார். மாமி காலை வைக்க முன்னமே லொறி வெளிக்கிட்டுவிட்டது. அடுத்த லொறியில் வந்தார். வவுனியாவில் இறங்கிப் பார்த்தால் முன்னுக்குப் போன லொறி அங்கே வரவில்லை. எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. அவருடைய புருஷனைப் பற்றி யாராவது கேட்டால் மாமி கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார். ஆகவே ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுச் செபமாலை அவருக்கு வேலியால் கேட்டுக் கேட்டே பாடம். ஒருநாள் தண்ணீர் அள்ளப் போன அம்மாவிடம் கேட்டார்:

“ஏங்கக்கா, உங்க மாதாவும் புள்ளையத் தொலைச்சிட்டுத் தேடுனவங்கதானே? அந்தச் செபத்துல வருதே.”

“ஓம். மூண்டு நாள் தேடினவா. பிறகு கோயிலுக்குள்ள இருந்து கண்டெடுத்தவா.”

“அந்த மூணு நாளும் புள்ளைக்கு யாரு சோறு குடுத்தாங்க?”

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டார். வேதப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அன்று பின்னேரம் மூப்பரிடம் கேட்டார். மூப்பரும் நெற்றியைத் தேய்த்தார். “நல்ல கேள்விதான். கேட்டுச் சொல்லுறன்.”

அதற்குப் பிறகுதான் மாமி வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினார். “ஒரே ஒரு ராத்திரி எங்க வீட்டுல இருக்கட்டும்கா. புள்ளையத் தொலைச்சவங்களுக்கில்ல புள்ளையத் தொலைச்சவ கத புரியும். பக்கத்துல வச்சு ஒரு வார்த்த கேட்டுக்கிறேன். விடியக் கொண்டாந்து குடுத்துர்றேன், திருடிக்கிட்டா போகப்போறேன்?”

“எனக்கென்ன, நான் தந்திடுவன். ஞானஸ்நானம் இல்லாத வீட்டில மாதாவை இறக்கிறேல்லை எண்டு இருக்கு.”

“அப்ப எடுத்துக்கிறேன்கா. தண்ணிதானே ஊத்துவாங்க? கிணறு பக்கத்துலயே இருக்கு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூப்பரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “மாதாவை வீட்டில வைக்கிறதுக்காக ஞானஸ்நானம் எடுக்கிறதெண்டா அது விசுவாசம் இல்லைப் பிள்ளை, அது தேவைக்கு எடுக்கிறது. எதுக்கும் கேட்டுச் சொல்லுறன்.”

தேவை இல்லாமல் யார் கடவுளிடம் போனார்கள் என்று இன்றைக்கு என் வாயில் வருகிறது. அன்றைக்கு என் வாய் நிறையக் கடலை.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்மாவுக்குத் தாராளமான கை. தேங்காய் பிடுங்கினால் ஒன்று கிணற்றடிக்குப் போகும். உப்பு, புளி, பிள்ளைப்பெற்ற வீட்டில் மிஞ்சிய சரக்கு, எல்லாம் போகும். உடுப்பில்லாதவருக்கு உடுப்புக் கொடு என்று கோயிலில் சொன்னதைக் கேட்டு வந்து, அலுமாரியைத் திறந்து பழைய சேலைகளை எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை மாங்காய்க் கரை போட்ட பச்சைச் சேலை ஒன்றைக் கொடுத்தார். தன்னுடைய நல்ல காலத்துச் சேலை என்று தடவித் தடவிக் கொடுத்தார். கொடுத்ததை மாமி உடுத்து அம்மா ஒருநாளும் காணவில்லை. அதே வெளுத்துப்போன சிவப்பும் அதே ஊதாவும்தான் மாறி மாறி.

“வித்துத் திண்டிட்டாளோ தெரியேல்லை” என்று அப்பாவிடம் புறுபுறுப்பார்.

“குடுத்தாச்செல்லே, விடன். புண்ணியம் கிடைச்சால் காணாதே?”

“புண்ணியத்தை நான் எங்க கண்டன்? சீலையை எண்டாலும் கண்ணால காணக்கூடாதே?”

இந்தச் சேலைகள் இருக்கட்டும். எனக்கும் மாமிக்கும் நடுவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் தீபாவளி கிட்ட வரும்போது தண்ணீர் அள்ளப் போகிற என்னைக் கொட்டில் வாசலில் நிற்க வைப்பார். சாக்கு நூல் ஒன்றை எடுத்து என் தோளிலிருந்து முழங்கால் வரை பிடிப்பார். “நில்லு பாப்பா, ஆடாத. மூச்ச உட்டுரு.” ஒரு முடிச்சு. தோளுக்குத் தோள் இன்னொரு முடிச்சு. அவருடைய விரல்கள் மிளகாய் ஆய்ந்த விரல்கள். கழுத்தில் பட்டால் எரியும். நான் எரிவைப் பொறுத்துக்கொண்டு நிற்பேன். சட்டை எனக்கென்றுதானே நினைத்தேன்! தீபாவளி போகும், நத்தாரும் போகும், சட்டை வராது. “தைச்சாச்சா மாமி?” என்று கேட்டால், “தைச்சாச்சு பாப்பா, பத்திரமா இருக்கு” என்பார். எங்கே பத்திரமாக இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அடுத்த வருடம் மறுபடி நூலைக் கொண்டுவந்து, “அடேயப்பா, எவ்வளவு வளந்துட்ட!” என்று சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். நான் வளர்ந்ததற்கு என் அம்மாகூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. சட்டை குட்டையாகுது என்றுதான் ஏசுவார்.

நான் சொல்லவந்த வருடம் மழை முன்னமே தொடங்கிவிட்டது. மாதா எங்கள் வீட்டில். முதல்நாள் பின்னேரம் வந்தவா. விடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது முதல் செல் விழுந்து வெடித்தது. தூரத்தில்தான். பிறகு கிட்ட. பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். சனம் எல்லாம் றோட்டில். அப்பா சைக்கிளில் அரிசிச் சாக்கைக் கட்டினார். என் கையில் கேத்தில். தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவின் இடுப்பில். படலைவரை வந்த அம்மா திரும்பி வீட்டுக்குள் ஓடினார். வரும்போது மற்றக் கையில், துவாயால் சுற்றிய மாதா.

“உனக்கென்ன விசரே?” என்று அப்பா கத்தினார். “பிள்ளையைத் தூக்குவியா, அதைத் தூக்குவியா?”

“முறைக்கு எங்கட வீட்டில நிக்கேக்க விட்டிட்டு வரச் சொல்லுறியளோ? நாளைக்கு ஊர் கேட்டால் என்ன பதில் சொல்லுறது?”

“மாதா எங்களைக் காப்பாத்துவா எண்டெல்லே கும்பிடுறது. இப்ப நீ அவவைக் காவிக்கொண்டு ஓடுறாய்!”

கண்ணாடிக் கூடு மேசையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தக் கூட்டையும் காணவில்லை, மேசையையும் காணவில்லை.

ஸ்கந்தபுரம் பக்கம் போகிற பாதையில் சனமோ சனம். சேறு. அம்மா ஒரு பக்கம் தம்பியும் மறுபக்கம் சுரூபமுமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். ஒரு மதகடியில் கால் மடிந்து குந்திவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்தவர் கிணற்றடி மாமி. தலையில் ஒரே ஒரு துணிமூட்டை. வேறு ஒன்றுமில்லை.

“அவங்கள இங்க குடுங்கக்கா.”

அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு கொடுத்தார். காவுவதற்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மாமி மூட்டையைக் கைக்கு மாற்றிவிட்டு, மாதாவைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் வைத்த தலை. சுரூபம் அசையவில்லை.

மதகைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வாய்க்கால் உடைத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீர், நல்ல இழுவை. ஒரு கயிற்றைக் கட்டியிருந்தார்கள். ஒரு கை கயிற்றில், ஒரு கை சுரூபத்தில். மூட்டைக்குக் கை இல்லை. மாமி நின்றுவிட்டார். மூட்டையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பின்னால் சனம் நெருக்கியது.

அம்மாதான் சொன்னார். “பழந்துணிதானே, விட்டிட்டு வா. போற இடத்தில நான் வேற தாறன்.”

மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “ஆமாங்கக்கா. துணிதானே” என்றார். கரையில் நின்ற பாலை மரத்தின் கவட்டில் மூட்டையை இறுக்கி வைத்தார். நனையாமல் இருக்க மேலே இலைக்கொத்து முறித்துப் போட்டார். பிறகு தலையில் மாதாவோடு தண்ணீரில் இறங்கினார். நான் அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். நடுவில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். தண்ணீரைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஸ்கந்தபுரத்தில் ஒரு மரக்காட்டுக்குள் எல்லோரும் கொட்டில் போட்டோம். கொட்டில் என்றால் நாலு தடி, மேலே உரப்பையோ ஓலையோ கிடைத்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மூப்பர் வந்து சேர்ந்தார், செருப்பில்லாமல். சுரூபத்தைக் கண்டதும் அழுதுவிட்டார். “நான் கோயில் திறப்பை மட்டும் கொண்டுவந்திட்டன் பிள்ளை. திறப்பை மட்டும்” என்று அம்மாவிடம் திறப்பைக் காட்டிக் காட்டி அழுதார். அம்மா அவருக்குக் கொடுக்கத் தேத்தண்ணிகூட இல்லாமல் கையைப் பிசைந்தார்.

அழுது முடிந்ததும் மூப்பர் மூப்பரானார். செபமாலை மாதம் முடியவில்லை, முறை தவறக்கூடாது என்றார். ஊரில் இருந்த வரிசைப்படியே கொட்டில்களுக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. அந்த வரிசையில் எங்களுக்கு அடுத்தது கிணற்றடி. ஊரில் தாண்டியதைப் போல இங்கேயும் தாண்ட வேண்டும். மழை விடாததால் மாதா எங்கள் கொட்டிலிலேயே தங்கிப்போனா.

தம்பிக்குக் காய்ச்சல் குறைய எனக்குப் பிடித்தது. உடுத்த உடுப்பு ஈரம், மாற்ற ஒன்றுமில்லை. நடுங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வெளியில் தலையை நீட்டி, பக்கத்துக் கொட்டிலில் இருந்த மாமியிடம் கேட்டார்.

“நான் குடுத்த சீலையள் ஒண்டுமே நீ கொண்டரேல்லையோ? இவளுக்குச் சுத்திவிட ஒரு துண்டு இல்லை.”

“கொண்டாந்தேன்கா. அந்த மூட்டையிலதான் இருந்திச்சு.” மாமி கொட்டில் வாசலுக்கு வந்தார். “சேலையா இல்லக்கா. வெட்டிட்டேன். எல்லாத்தையும் சட்டையாத் தைச்சிட்டேன்.”

“ஆருக்குச் சட்டை?”

“எம்பொண்ணுக்குத்தான். ஒவ்வொரு தீவாளிக்கும் ஒண்ணு. வந்துட்டான்னா போட்டுக்க ஒண்ணுமில்லன்னு இருக்கக்கூடாதில்ல? எவ்வளவு வளந்திருப்பான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பாப்பாவ வச்சுத்தான் அளவு எடுத்துக்குவேன். போன வருசம் அந்தப் பச்ச, மாங்காக்கரைய கீழ வச்சுத் தைச்சேன். அழகா இருந்திச்சுக்கா.” என்னைப் பார்த்தார். “இருந்திருந்தா பாப்பாவுக்குச் சரியா இருந்திருக்கும்.”

அம்மா தலையை உள்ளே எடுத்துக்கொண்டார். என்னை இழுத்துத் தன் ஈரச் சேலைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய வாய் என் உச்சந்தலையில் அழுந்தியது. ‘பழந்துணிதானே’ என்று சொன்ன வாய் அது. பிறகு அப்பாவிடம் மட்டும், “அந்தப் பாலை மரம் வரைக்கும் போய்ப் பாக்க ஏலாதோ?” என்றார்.

அப்பா மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தார். வாய்க்கால் வரைகூடப் போகமுடியவில்லை. அங்கிருந்துகூடச் சனம் இடம் விட்டு எழும்பி வந்துகொண்டிருந்ததாம். மாமி தன் கொட்டில் வாசலில் நின்று அப்பாவின் சைக்கிள் கரியரைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. “பரவாயில்லீங்கண்ணே. மழையில போயிட்டு வந்தீங்களே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மா மூப்பரைக் கூப்பிட்டார். “இந்த முறை அவளின்ர கொட்டிலில மாதாவை இறக்குவம்” என்றார். மூப்பர் நிலத்தைப் பார்த்தார். “சுவாமியிட்டக் கேட்டுத்தான் பிள்ளை சொல்லவேணும்.” சுவாமி எங்கே என்று அம்மா கேட்டார். மல்லாவியில் என்று ஒருவர், துணுக்காயில் என்று ஒருவர், இன்னும் ஊருக்குள்ளேயே என்று ஒருவர். மூப்பருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் இருக்கிற ஒருவரிடம் கேட்டுச் சொல்வதாக அவர் சொன்னார். அதை அவர் மனமாரத்தான் சொன்னார். அவர் கையிலும் அந்த வாக்கைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. எழும்பினோம், இருந்தோம், மறுபடி எழும்பினோம். அப்படி ஒரு எழும்பலில் மாமியும் நாங்களும் பிரிந்தோம். பிறகு துணுக்காயில் கண்டதாகச் சொன்னார்கள், வவுனியா முகாமில் கண்டதாகச் சொன்னார்கள். நான் போய் விசாரித்த இடமெல்லாம் வேறு யாரோ ஒரு மலைநாட்டு மாமி இருந்தார். அந்த மகளைப் பற்றி ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. உயிரோடு இருந்தால் இப்போது என்னைப் போலவே நரைத்திருப்பாள். கிட்டத்தட்ட என் அளவாகவும் இருப்பாள். சண்டை முடிந்து பாதை திறந்தபிறகு அந்த வாய்க்காலடிக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போனேன். புது மதகு. அகலப் பாதை. பாலை மரம் நின்ற இடம் எது என்றுகூட எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அம்மா கடைசிவரை கொடுக்கிறவராகவே இருந்தார். ஆனால் யாருக்கு எதைக் கொடுத்தாலும், அதை என்ன செய்தீர்கள் என்று பிறகு கேட்டதில்லை. கிளிநொச்சியில் தையல்கடைப் பிள்ளை என் தோளில் அளவு நாடாவை வைத்து, “அன்ரி, நிமிந்து நில்லுங்கோ” என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கழுத்தில் மிளகாய் எரிகிறது. ஞானோபதேசத்தில் தாளம் போட்டுப் படித்த அந்த மூன்று புண்ணியத்தில், வராத பிள்ளைக்கு வருடா வருடம் சட்டை தைத்தது எந்தப் புண்ணியம் என்று எனக்கு இன்னும் தெரியாது. மூப்பர் இருந்தால் கேட்டுச் சொல்லியிருப்பார்.

ஆனால் அன்றைக்கு அந்த ஸ்கந்தபுரத்தில், மழை தூறலான ஒரு பின்னேரம் முறை மாற்றுவதென்று மூப்பர் ஆட்களைக் கூட்டினார். பாட்டுத் தொடங்கியது. அம்மா மாதாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நடந்தார். கிணற்றடி மாமியின் கொட்டிலில் தண்ணீர் தெளிப்பு இல்லை, விளக்கு இல்லை. வானமே தெளித்துக்கொண்டிருந்தது. மாமி எழும்பி, முந்தானையால் தோளை மூடிக்கொண்டு, தாண்டிப் போகிறவர்களுக்காக நின்றார்.

அம்மா தாண்டவில்லை. நின்றுவிட்டார். பின்னால் வந்த பாட்டு முட்டிக்கொண்டு நின்றது.

“பிள்ளை, முறை…” என்றார் மூப்பர்.

“முறை இவைக்குத்தான்” என்றார் அம்மா, திரும்பாமலே. “கனகாலமா.”

மூப்பர் இருமினார். தலையிலிருந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மா குனிந்து கொட்டிலுக்குள் போனார். பின்னால் நானும் நுழைந்தேன். உள்ளே சேறு. ஒரு மூலையில் விரித்த உரப்பை மட்டும் காய்ந்திருந்தது. மேசை இல்லை, கதிரை இல்லை, கவிழ்த்து வைக்க ஒரு பெட்டிகூட இல்லை. சுரூபத்தை வைத்துக்கொண்டு அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். ஊரில் இருந்தபோது தேங்காயும் உப்பும் சேலையும் கொடுத்த கை. இப்போது அந்தக் கையில் இருந்தது இது ஒன்றுதான், அதுவும் அம்மாவுடையதல்ல.

“எங்க நிப்பாட்டுறது? சொல்லுங்கோ, எங்க வைக்க?” அம்மா சுரூபத்தை நீட்டினார். “நான் வேற என்னத்தைத் தர?”

மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மாதாவின் முகத்தைப் பார்த்தார். முக்காட்டில் மழைத்துளி நின்றது.

“எங்க நிப்பாட்டுறதுன்னா கேக்குறீங்க? நம்மகூடத்தானேக்கா இம்புட்டுத் தூரம் வந்தாங்க. நின்னுக்கிட்டேயேதான் இருக்காங்க, பாருங்க. எத்தன வீடு போயிட்டு வந்திருப்பாங்க, ஒருத்தராவது அவங்கள ஒக்காரச் சொன்னீங்களா?”

சொல்லிவிட்டு, அம்மாவின் கையிலிருந்து மாதாவை வாங்கினார். காய்ந்த உரப்பையில் முழங்காலில் இருந்து, தன் கைமடிப்பைத் தலைக்கு வைத்து, சுரூபத்தை மெல்லப் படுக்க வைத்தார். முந்தானையை அவிழ்த்து அதன் கழுத்துவரை போர்த்தினார். பக்கத்தில் தானும் சரிந்து, கூப்பிய அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்து, பிள்ளையை நித்திரையாக்குகிற மாதிரி, தட்டத் தொடங்கினார்.